கை நனையாத கடை

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற சாலையில், சீசனுக்கு மட்டும் ஓலைக் கொட்டகை போட்டு ஒருவர் கறிக்கடை நடத்தினார். பினாங்கில் இருந்து திரும்பியவர். யுத்த காலத்தில் அங்கே ஜப்பான் அதிகாரிகளுக்குச் சமைத்துப் போட்டவராம். அவர் கடையில் சமைத்த கறி கிடையாது. மேஜை நடுவில் கரி அடுப்பு, அதன்மேல் இரும்பு வலை. பூண்டும் சீனியும் ஏதோ ஒரு கறுப்புச் சாறும் போட்டு ஊறவைத்த பச்சைக் கறியைத் தட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விடுவார். இடுக்கியால் எடுத்து நாமே சுட்டுத் தின்ன வேண்டும். எல்லோரும் ஜப்பான் கடை என்றார்கள். நாமே சமைக்க வேண்டுமென்றால் அதற்குப் பெயர் என்ன கடை என்று நான் அந்தப் பக்கம் போனதில்லை. அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு ஆனி மாதக் கடைசியில் போக வேண்டி வந்தது. தங்கச்சி கல்யாண விஷயமாக.

அப்பா கிடையாது. நான் தென்காசியில் லாரி செட்டில் மெக்கானிக். தங்கச்சிக்கு இருபத்து நாலு வயது. எங்கள் தெருவில் அந்த வயதில் இரண்டு பிள்ளை பெற்றிருப்பார்கள். வாசுதேவநல்லூரில் ஒரு போலீஸ்கார மாப்பிள்ளை வந்தான். அவனுக்கும் அப்பா இல்லை. பட்டாளத்தில் இருந்து வந்த சித்தப்பாதான் எல்லாம்.

அவர்கள் இரண்டு தடவை பெண் பார்க்க வந்தார்கள். பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றார்கள். ஆனால் கை நனைக்கவில்லை. சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டில் சாப்பிடக்கூடாது என்பது எங்கள் பக்கத்து முறை. சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். இரண்டு தடவையும் அம்மா ஆக்கிவைத்த சோறு பக்கத்து வீடுகளுக்குப் போனது. தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள்.

பிறகு தரகர் வந்து சொன்னார்: "அவிய சீசனுக்குக் குத்தாலத்துல தங்கியிருக்காவ. ஜப்பான் கடைக்கு உங்களை வரச் சொன்னாவ. சாப்பிட்டுக்கிட்டே பேசி முடிச்சிருவோம்னாவ."

"சாப்பிட்டுக்கிட்டேன்னா சொன்னாவ?" என்று அம்மா திரும்பத் திரும்பக் கேட்டாள்.

தங்கச்சி மட்டும் சந்தோஷப்படவில்லை. "எதுன்னாலும் இன்னைக்கே கேட்டுட்டு வாண்ணே. ஆடி பொறந்துட்டா பேச்சு நின்னுரும். மாசம் பூரா தெருவே என் மூஞ்சியப் பாக்கும்" என்றாள்.

நானும் தாய்மாமாவும் போனோம். சாரல் விழுந்துகொண்டிருந்தது. கொட்டகைக்குள் ஒரே புகை. அந்தப் பக்கம் சித்தப்பா, மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் அக்கா புருஷன். சித்தப்பா இடுக்கியை எடுத்து வலையின் நடுவில் ஒரு கோடு இழுத்தார்.

"இங்கன எங்க கறி. அங்கன ஒங்க கறி. அவங்கவங்க சுட்டு அவங்கவங்க திங்கலாம். சௌகரியமான கடை, என்ன தம்பி?"

எனக்கு அப்போதே ஏதோ சரியில்லை என்று பட்டது. மாமாவுக்குப் படவில்லை. நன்றாக வெந்த ஈரல் துண்டு ஒன்றை எடுத்து நீட்டினார். "அண்ணாச்சி, இது பதமா இருக்கு. எலையில வைக்கட்டா?"

சித்தப்பா உள்ளங்கையால் இலையை மூடினார். "எனக்கு இன்னும் கொஞ்சம் வேகணும்வே." அவர் இலையில் அப்போது கிடந்த ஈரல் பாதிகூட வேகாதது. ரத்தம் தெரிந்தது. மாமா நீட்டிய துண்டைத் தன் இலையிலேயே வைத்துக்கொண்டு சிரித்தார். பெண் வீட்டுக்காரன் எல்லாவற்றுக்கும் சிரிக்க வேண்டும் என்று யாரோ அவருக்குச் சொல்லி வைத்திருந்தார்கள்.

மழையைப் பற்றிப் பேசினார்கள். நெல்லைப் பற்றிப் பேசினார்கள். தங்கச்சியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மாப்பிள்ளை தலை நிமிராமல் தின்றான். அக்கா புருஷன்தான் வயிறு நிறைந்த குஷியில் சித்தப்பாவிடம் வாயைத் திறந்தார்.

"மாமா, கோழியும் சொல்லுவோமா? நேத்து செங்கோட்டைக்காரவிய கூட வந்தப்ப கோழிதானே நல்லா இருந்துச்சு."

கொழுப்பு சொட்டித் தீ குபுக்கென்று எழுந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

"செங்கோட்டையில யாரு?" என்றேன்.

"தெரிஞ்சவிய" என்றார் அக்கா புருஷன்.

"பொண்ணு வச்சிருக்கவியளா?"

சித்தப்பா மென்று விழுங்கிவிட்டுச் சொன்னார். "ஆமா. நாலு எடம் பாத்துத்தான் முடிவு பண்ண முடியும். அதுல என்ன தப்பு? நாங்க யாரு வீட்டுலயும் கை நனைக்கலையே."

அதற்குத்தான் இந்தக் கடை. நேற்று ஒரு பெண் வீட்டுக்காரன், இன்று ஒரு பெண் வீட்டுக்காரன். கூட உட்கார்ந்து வயிறு முட்டத் தின்னலாம். முறையும் கெடாது, பதிலும் சொல்ல வேண்டாம். அந்த ஆள் முறையை மதிக்கிறவர் என்று ஊரில் பெயர் வேறு.

நான் தட்டில் இருந்ததிலேயே பெரிய துண்டாக எடுத்து, அவர் கோடு போட்ட இடத்தைத் தாண்டி, மாப்பிள்ளைக்கு நேரே வைத்தேன்.

"வே, இது எங்க பக்கத்துக் கறி. வெந்ததும் எடுத்துத் தின்னும். தின்னா சம்மதம். இல்லன்னா நாங்க கெளம்புதோம்."

மாமா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "ஏலே, சும்மா இரு லே. பொண்ணு வீட்டுக்காரன் பேசுத பேச்சா இது?"

"என்னடே, மெரட்டுதியா?" என்றார் சித்தப்பா.

"கறி தின்னத்தான சொல்லுதேன். தின்னத்தான வந்திய?"

அவர் தன் பக்கத்துக் கறியைத் தின்றுகொண்டே இருந்தார். மாப்பிள்ளை இடுக்கியை எடுத்தான். துண்டின் ஓரம் சுருண்டு வந்தது. அவன் அதைத் திருப்பிப் போட்டான். எடுத்துவிடுவான் என்றே நினைத்தேன். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்றுகூட யோசித்துவிட்டேன்.

அவன் சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தான். அவர் இவனைப் பார்க்கவில்லை. திருடனைப் பிடிக்கிற உத்தியோகம் பார்க்கிறவன், இடுக்கியைப் பிடித்தபடி அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். புகை கறுப்பாக வந்தது.

"கருகுதுவே" என்றேன்.

அவன் இடுக்கியைக் கீழே வைத்தான். நான் எழுந்துவிட்டேன்.

தென்காசி வரைக்கும் பஸ்ஸில் மாமா திட்டிக்கொண்டே வந்தார். ஒரு துண்டுக் கறியில் ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கருக்கிவிட்டேனாம். வீட்டில் அம்மா அழுதாள். தங்கச்சி ஒன்றுதான் கேட்டாள்.

"சித்தப்பா எடுக்கக் கூடாதுன்னாரா?"

"ஒண்ணும் சொல்லல."

"சொல்லாமயே எடுக்கலையா?"

"திருப்பிப் போட்டான். எடுக்கல."

"சரி, கையக் கழுவிட்டு வா. ஒனக்குச் சோறு வச்சிருக்கேன்" என்றாள்.

ஆடி மாதம் முழுவதும் அவள் சொன்னபடியேதான் நடந்தது. தண்ணீர் எடுக்கப் போனால் பார்த்தார்கள், கோயிலுக்குப் போனால் பார்த்தார்கள். நான் தெருவில் இரண்டு பேரோடு சண்டை போட்டேன். அதனால் இன்னும் அதிகமாகப் பார்த்தார்கள்.

ஆவணி பிறந்ததும் தரகர் சிரித்துக்கொண்டே வந்தார். "செங்கோட்டை எடம் தட்டிப்போச்சு. இப்போ அவிய நம்ம வீட்டுக்கே வந்து கை நனைக்கத் தயார்ங்காவ. நாள் மட்டும் சொல்லுங்க."

அம்மா என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் ஆசை இருந்தது. அதனால்தான் நான் உடனே வாயைத் திறக்கவில்லை. அடுப்படியில் இருந்து தங்கச்சி வெளியே வந்தாள்.

"கரி அடுப்பு கொல்லையில கெடக்கு. கறிய அவியளையே வாங்கிட்டு வரச் சொல்லுங்க. வாசல்ல ஒக்காந்து சுட்டுத் தின்னுட்டு அப்படியே போகட்டும்."

தரகர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். அம்மா நாள் எதுவும் சொல்லவில்லை. காப்பி குடித்துவிட்டுப் போங்கள் என்று அவரிடம் சொன்னாள். அவர் மறுக்காமல் உட்கார்ந்து குடித்தார்.