கோயிலில் வாசித்த ஐந்து பெயர்கள்

யுத்தம் முடிந்த மறு வருஷம் நான் பூந்தமல்லியில் எங்கள் சபையின் உபதேசியாராக இருந்தேன். பெரிய பதவி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பாதிரியார் மாதத்துக்கு ஒருமுறை வருவார். மற்ற நாட்களில் மணியடிப்பது, ஜெபம் நடத்துவது, சாவு அறிவிப்பு வாசிப்பது எல்லாம் என் தலையில்தான். சாவு அறிவிப்பு வாசிப்பதில் எனக்குக் கொஞ்சம் பேர் உண்டு. கனமான குரல். உள்ளூர அதில் பெருமையும் இருந்தது.

மிஷன் பள்ளியில் பியானோ சொல்லிக்கொடுத்த அம்மாள் வியன்னாவிலிருந்து வந்த யூதப் பெண். ஜெர்மன்காரர்கள் ஊருக்குள் புகுந்ததும் உயிர் பிழைக்க ஓடி வந்தவர். ஆனால் கையில் இருந்தது ஜெர்மன் பாஸ்போர்ட். அதனால் எதிரி நாட்டவர் கணக்கில் சேர்ந்து, யுத்தம் முடியும்வரை வாரம் தவறாமல் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டார். ஊரும் அவரை ‘ஜெர்மன்காரம்மா’ என்றே கூப்பிட்டது. யாருக்குப் பயந்து ஓடி வந்தாரோ அவர்கள் பெயரையே அவர் தலையில் கட்டினோம். நானும்தான். யூதர்கள் என்றால் எங்களுக்கு வேதாகமத்தில் வருகிறவர்கள். இன்னும் பூமியில் இருக்கிறார்கள் என்பதே பாதிப் பேருக்குப் புதுச் செய்தி.

அந்த வருஷம் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. அவருடைய கணவரும், கணவரின் நண்பர்கள் நால்வரும் ஜெர்மன்காரர்களின் முகாமில் கொல்லப்பட்டுவிட்டார்கள். ஐந்து பேரும் இசை எழுதியவர்கள். கடிதத்தை மடித்துக்கொண்டே என்னிடம் பேசினார். அவருடைய தமிழ் காய்கறிக்காரிகளிடம் கற்ற தமிழ்.

“அவங்க எழுதுன பேப்பர் எல்லாம் எரிஞ்சி போச்சி. என் விரலுல கீறது மட்டும்தான் மிச்சம். உங்க ஜனம் ஒரு தபா கேக்கட்டும். அவங்க பேர என்னத் தவிர இன்னொருத்தராவது தெரிஞ்சி வெச்சிக்கணும், உபதேசியாரே.”

“நான் வெச்சிக்கிறேம்மா” என்றேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன்.

ஞாயிறு மாலை ஆராதனை முடிந்ததும் நாற்பது பேர் போல உட்கார்ந்திருந்தார்கள். நசரத்பேட்டையிலிருந்தும் சென்னீர்குப்பத்திலிருந்தும் நடந்து வந்தவர்கள். பாட்டுக்காக இருந்தார்களா, பிறகு தருவதாகச் சொன்ன டீக்காக இருந்தார்களா என்று நான் விசாரிக்கவில்லை. ஒவ்வொருவரைப் பற்றியும் நான் நாலு வரி வாசிக்க வேண்டும், பிறகு அம்மாள் கோயில் ஹார்மோனியத்தில் அந்த மனிதர் எழுதிய இசையை வாசிப்பார். இதுதான் ஏற்பாடு.

அந்த வரிகளை அவர் இங்கிலீஷில் எழுதித் தந்திருந்தார். தமிழில் எழுதியவன் நான். ஒவ்வொன்றின் முடிவிலும் ‘கொல்லப்பட்டார்’ என்று இருந்தது. அந்த வார்த்தை கோயிலுக்கு ஆகாது என்று எனக்குப் பட்டது. ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்று மாற்றினேன். எங்கள் சபையில் காலராவில் போனாலும், கிணற்றில் விழுந்தாலும், ஆவடிக்குப் போகிற மிலிடரி லாரியில் அடிபட்டாலும் எல்லோரும் நித்திரைதான் அடைவார்கள்.

முதல் பெயரை வாசித்தேன். சபை தலை குனிந்தது. அம்மாள் ஹார்மோனியம் வாசித்தார். இரண்டாவதும் அப்படியே போனது. மூன்றாவது அவருடைய கணவர். நான் முடித்தும் அவர் கை கட்டைகளின் மேல் இறங்கவில்லை. முன்வரிசையில் இருந்த கீரைக்காரியைப் பார்த்துத் திரும்பினார்.

“நித்திரைன்னா இன்னா?”

“தூக்கம்மா. நிம்மதியா தூங்கறது.”

அவர் எழுந்து நின்றார். “தூங்க உட்டாங்களா? பூட்டி வெச்சி, விஷப் புகை போட்டு கொன்னாங்க. கொன்னாங்கன்னு படி.”

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. முதல் பெயரிலிருந்து திரும்பத் தொடங்கி ஐந்தையும் வாசித்தேன். கொல்லப்பட்டார். கொல்லப்பட்டார். என் பேர்போன குரல் தேய்ந்துபோய், பின்வரிசைக்கு எட்டியிருக்காது. இந்த முறை யாரும் தலை குனியவில்லை. எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

“இன்னாம்மா தப்பு பண்ணாங்க?” என்று கீரைக்காரி கேட்டாள்.

“ஒண்ணும் பண்ணல. யூதருங்க. அவ்ளோதான்.”

கீரைக்காரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மாள் உட்கார்ந்து கணவருடைய இசையை வாசித்தார். நான் ஒப்பாரி போல ஏதோ எதிர்பார்த்தேன். அது குழந்தைகள் ஓடிப் பிடித்து விளையாடுவது போல இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

சில மாதங்களில் அவர் கப்பலேறிப் போய்விட்டார். போகும்போது பெயர்கள் எழுதிய தாளை வைத்துக்கொள்ளச் சொல்லி நீட்டினார். எனக்கு மனப்பாடமாகத் தெரியும் என்று மறுத்துவிட்டேன்.

இதில் நான் யார் பெயரையும் போடாததை மரியாதை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பெயர்களைச் சபைக்கு முன்னால் வாசித்தவன் நான்; மூன்றை இரண்டு முறை. ஐந்தில் ஒன்றுகூட எனக்கு இன்று நினைவில் இல்லை.