மாமனார் வீட்டுக்குப் போகாத வண்டி

அடியோடு ஓடாத வண்டி மெக்கானிக்குக்குத் தெய்வம். நன்றாக ஓடிவிட்டு, நினைத்தால் நிற்கிற வண்டிதான் எமன். பழைய பைக் வைத்திருக்கும் உங்களுக்கும் இந்த எமனோடு பழக்கம் இருக்கும். சங்கரன்கோவிலில் இருபது வருஷமாக ஒர்க்‌ஷாப் நடத்துகிற என்னை ஒரே மாதத்தில் உண்டு இல்லை என்று ஆக்கியது முருகேசன் வண்டி.

என்னைக் கண்டால் ஓடும்

முருகேசனுக்கு ஊருக்குள்ளேயே ஒரு ஜவுளிக்கடையில் வேலை. கல்யாணமாகி நாலு மாதம். மனைவி செல்விக்கு ஊர், கொஞ்சம் தள்ளி இருக்கிற பனவடலிசத்திரம். என்னிடம் சர்வீஸ் செய்து எடுத்துப்போன மறுவாரமே வந்து நின்றான். மாமனார் வீட்டுக்குப் போகிற வழியில் பொசுக்கென்று நின்றுவிடுகிறதாம். கொஞ்ச நேரம் கழித்து உதைத்தால் ஒன்றுமே நடக்காதது போல் ஓடுகிறதாம்.

நாலு ரதவீதியும் சுற்றிவந்தேன். பசு மாதிரி போனது. எதற்கும் இருக்கட்டும் என்று பிளக்கை மாற்றினேன். முருகேசன் என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தான்.

“ஒங்களக் கண்டாத்தான் இது பயப்படுது அண்ணாச்சி. பேசாம அடுத்த தடவ ஒங்களையும் பின்னால ஒக்காத்திக்கிட்டுப் போறேன்.”

திருடன் பிடிபட்டான்

அடுத்த ஞாயிறும் நின்றது. இந்தத் தடவை கார்புரேட்டரைக் கழற்றி, உள்ளே கிடந்த ஒரு சிட்டிகை மண்ணைக் காகிதத்தில் கொட்டி, திருடனைப் பிடித்துவிட்ட ஏட்டய்யா மாதிரி காட்டினேன். அதற்கடுத்த ஞாயிறு அதே இடத்தில் நின்றது. வெயிலில் புருஷன் உதைக்க, பொண்டாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்க, அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் கேட்டாராம்:

“ஏலே, வாராவாரம் சண்ட போடுறதுக்கு ஒங்களுக்கு இந்த எடந்தான் கெடச்சுதா?”

நேராகக் கேட்கட்டும்

தலை தீபாவளிக்கு மூணு நாள் இருக்கும்போது செல்வி தனியாக வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மாப்பிள்ளை புது வண்டி வேண்டுமென்று ஜாடை காட்டுகிறார் என்றே அவள் அப்பா முடிவு கட்டிவிட்டாராம். இருக்கிற எட்டு ஆட்டையும் விற்க வியாபாரியை வரச் சொல்லியிருக்கிறாராம்.

முருகேசன் அப்படிப்பட்டவன் இல்லை என்று சத்தியம் செய்தேன். ஆனாலும் உள்ளுக்குள் எனக்கே சந்தேகம் வந்தது. கோளாறு பிடிபடாத மெக்கானிக் கடைசியில் கஸ்டமரைத்தானே சந்தேகப்படுவான்? அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“புது வண்டி வேணும்னா எங்கப்பாகிட்ட நேரா கேக்கச் சொல்லுங்க. இப்படி நடுவழியில நிப்பாட்டி நிப்பாட்டிக் கேக்க வேண்டாம். தீபாவளிக்கு நான் மட்டும் போறேன், திரும்பி வரமாட்டேன்.”

நீங்க என்ன பாத்திய?

மறுநாளே கிளம்பினோம். முருகேசன் வண்டியில் நான், என் வண்டியில் அவர்கள் இருவரும். பனவடலிசத்திரம் எட்டுவதற்குள் நின்றேவிட்டது. எனக்கு ஒரே சந்தோஷம்! பெட்ரோல் இருக்கிறதா என்று டேங்க் மூடியைத் திறந்து பார்த்தேன், மூடினேன், உதைத்தேன், ஓடியது. ‘பார்த்தாயா’ என்கிற மாதிரி செல்வியைப் பார்த்தேன்.

“அவரும் இதத்தான செய்யுதாரு? மூடியத் தொறந்து பாக்காரு, மூடுதாரு, ஒதைக்காரு, ஓடுது. நீங்க புதுசா என்ன பாத்திய அண்ணாச்சி?”

நெற்றியும் மூக்கும்

மூடியைத் திருப்பிப் பார்த்தேன். பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் காற்று போவதற்கு மூடியில் ஒரு சின்னத் துளை உண்டு. அது அடைத்துக் கிடந்தது. காற்று போகாவிட்டால் கொஞ்ச தூரத்தில் பெட்ரோல் இறங்காது. மூடியைத் திறந்தால் காற்று போய்விடும், வண்டி கிளம்பிவிடும். ஊருக்குள் ரெண்டு கிலோமீட்டர் ஓட்டினால் எந்தக் கொம்பனுக்கும் தெரியாது. அடைத்திருந்தது சந்தனம். ஆயுத பூஜையன்று, சர்வீஸுக்கு விட்டிருந்த இவன் வண்டி உட்பட ஷெட்டில் நின்ற வண்டிகளுக்கெல்லாம் கை நிறைய அள்ளி அப்பியது நான்தான்.

செல்வி வளையலில் கிடந்த ஊக்கால் துளையைக் குத்திவிட்டு, நேரே அவள் அப்பாவிடம் போய் நடந்ததை ஒப்புக்கொண்டேன். செல்வி முருகேசன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாசலில் நின்ற ஆட்டு வியாபாரியைப் போகச் சொல்லிவிட்டு, பெரியவர் அந்த மூடியைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

“சந்தனம் வச்சது தப்பில்ல வே. இனிமே வண்டிக்கு நெத்தி எது, மூக்கு எதுன்னு பாத்து வையும்.”

எட்டில் ஏழு ஆடு பிழைத்தது. எட்டாவது தலை தீபாவளிக் குழம்பாகி, மூக்கை அடைத்த குற்றவாளியான எனக்கும் அந்த வீட்டில் ஒரு இலை விழுந்தது.