தங்கேஸ்வரி டீச்சரும் நான் வெள்ளையடித்த ஆந்தையும்

தங்கேஸ்வரி டீச்சருக்குக் கோபம் வந்தால் பள்ளிக்கூடக் கூரையில் இருக்கும் காக்கைகள் போர்ட்டிக்சனுக்குப் பறந்துபோய், மூன்று நாள் கழித்துத்தான் திரும்பும். நம்பாதவர்கள் புக்கிட் பெலண்டோக் பக்கம் எங்கள் தமிழ்ப்பள்ளிக்கு வரலாம். இருபது வருஷமாக அங்கே புல் வெட்டுகிறவன் நான். காக்கைகளை எண்ணியே வைத்திருக்கிறேன்.

டீச்சர் ரஹாங்கில் பிறந்தவர். தாத்தா தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி, அப்பா கிராணி, அண்ணன் டாக்டர். இவர் கோலாலம்பூரில் கைப்பேசி விளையாட்டு செய்யும் கம்பெனியில் இருந்தார். இவர் ராப்பகலாக உட்கார்ந்து செய்த ஒன்றை, முதலாளி மேடையேறித் தானே செய்ததாகச் சொன்னாராம். டீச்சர் அதே மேடையில் ஏறி மைக்கைப் பிடுங்கினாராம். மறுநாள் வேலை போயிற்று. அப்புறம் வாத்தியார் படிப்புப் படித்து, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டுக்கு நடுவே முப்பத்தொரு பிள்ளைகள் இருக்கும் எங்கள் பள்ளிக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. கோபத்தையும் கையோடு கொண்டுவந்துவிட்டார்.

போன வருஷம் மேலதிகாரிகள் இரண்டு டேப்லெட்டை இரவல் கொடுத்தார்கள். சுவரில் ஒரு படத்தை வரைந்து, டேப்லெட்டை அதன் முன்னால் நீட்டினால், படம் எழுந்து நடமாடும். அங்கே இல்லாதது இருக்கிற மாதிரி தெரியும். தமிழில் அதற்கு மிகை மெய்ம்மை என்று பெயராம். என் வாயைப் பார்த்துத்தான் யாரோ பெயர் வைத்திருக்கிறார்கள்.

எதை எழுப்புவது என்றதும் பிள்ளைகள் ஆந்தையைப் பிடித்துக்கொண்டார்கள். எலி செம்பனைக் காயைத் தின்னாமல் இருக்க, எங்கள் தோட்டத்தில் கம்பத்தில் பெட்டி கட்டி ஆந்தை வளர்க்கிறார்கள். பகலில் அது தூங்கும். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. அதனால் அதை வெளியே பறக்கவிட நினைத்தார்கள். களிமண்ணில் ஆந்தை பிடித்து, சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார்கள். முதல் தடவை ஆந்தை மாட்டுப் பருமனில், தலைகீழாக வந்தது.

"டீச்சர், கவுந்து கிடக்குது! சரி பண்ணிக் குடுங்க!" என்று கத்தினாள் ஐந்தாம் வகுப்பு மாதவி.

"நான் கவுத்தேனா? கவுத்தவளே நிமித்து."

மூன்று மாதம் ஆயிற்று நிமிர்த்த. ஆந்தையின் குரலும் மாதவியுடையதுதான். கேன்டீன் சுவரில் அதே ஆந்தையைப் பன்னிரண்டு பேர் சேர்ந்து பெரிய படமாக வரைந்தார்கள். துவான் என்று நாங்கள் கூப்பிடும் பெரிய அதிகாரி ஒருவர் வந்து பார்ப்பார், பிடித்தால் டேப்லெட் இங்கேயே இருக்கும், இல்லையென்றால் டவுன் பள்ளிக்குப் போய்விடும் என்று கடிதம் வந்தது.

இங்கேதான் எங்கள் ஊர் வியாதி. யாராவது பெரிய ஆள் வருகிறார் என்றால் உடனே சாயம் அடிப்போம். கல், மரம், கம்பம், எதையும் விடமாட்டோம். கழிவறைக் கதவு உடைந்திருந்தால் அந்த உடைந்த கதவுக்கும் சாயம் அடிப்போம், கதவை மட்டும் மாற்றமாட்டோம். அந்தக் கதவைப் பிள்ளைகள் கையால் பிடித்துக்கொண்டு உட்காருவதைப் பார்த்துப் பார்த்து எனக்கே வயிறு எரியும். ஆனாலும் முந்தின நாள் சாயந்திரம் தலைமையாசிரியர் சத்தியசீலன் கூப்பிட்டதும் வாளியைத் தூக்கிவிட்டேன்.

"சுகு, சுவரெல்லாம் பளிச்சுனு இருக்கணும் லா. அந்தக் கிறுக்கலையும் சேத்து அடிச்சிரு."

ஆந்தை டேப்லெட்டுக்குள் இருக்கிறது, சுவரில் இருப்பது சும்மா கிறுக்கல் என்றுதான் நானும் நினைத்தேன். இரண்டு கோட்டிங் அடித்தேன்.

காலையில் டீச்சர் காரை விட்டு இறங்கினார். சுவரைப் பார்த்தார். காக்கைகள் கிளம்பிவிட்டன.

"யாரு அடிச்சது?"

"நான்தான் டீச்சர். கிறுக்கலையும் சேத்து அடிக்கச் சொன்னாரு சார்."

"சுகு அண்ணே, உங்களுக்குக் கண்ணு நல்லாத் தெரியும்தானே?"

"தெரியும் டீச்சர்."

"அப்ப தெரிஞ்சேதான் அழிச்சிருக்கீங்க. சுவத்துல படம் இல்லாம அந்த டேப்லெட் எதைப் பாத்து ஆந்தையை எழுப்பும்? உங்க மூஞ்சியப் பாத்தா?"

சத்தியசீலன் சார் குறுக்கே வந்தார். "விடுங்க டீச்சர். டேப்லெட்டுல கடையில வாங்குன சூரியன், கிரகமெல்லாம் இருக்கே, அதக் காட்டி நம்ம பிள்ளைங்க செஞ்சதுனு சொல்லிரலாம். துவானுக்கு என்னா தெரியப் போவுது?"

அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. டீச்சரின் மூக்கு மிளகாய்ப்பழமாகச் சிவந்தது.

"செய்யாததச் செஞ்சேன்னு மேடையேறுறவன ஒருத்தனப் பாத்துட்டு வந்தவ சார் நான். அதையே இந்தப் பிள்ளைங்களுக்குச் சொல்லித் தரச் சொல்றீங்களா?"

மாதவி அழவில்லை. என் பக்கம் திரும்பி, "மாமா, லொங்காங் கல்லுக்கு அடிக்க வச்சிருந்த கறுப்புச் சாயம் மிச்சம் இருக்கா?" என்றாள், சாக்கடை ஓரக் கல்லைச் சொல்லி.

"அரை வாளி இருக்கு."

"வரைஞ்சா மட்டும் பத்தாது. டேப்லெட்டுக்குப் பழைய படம்தான் தெரியும்" என்றார் டீச்சர்.

"அப்ப புதுசப் படம் புடிச்சு உள்ள போட்டு, ஆந்தைய அதுக்கு மாத்திக் கட்டுவோம் டீச்சர். கட்டத் தெரியும்தானே எங்களுக்கு."

பன்னிரண்டு பேரும் சாயத்தில் இறங்கினார்கள். பாதி ஆந்தை வரைந்தபோதே துவான் வந்துவிட்டார். சத்தியசீலன் சார் அவரைத் தேநீருக்கு இழுத்தார். டீச்சர் விடவில்லை.

"பிள்ளைங்க வேலையத்தானே பாக்க வந்தாரு? இங்கேயே நின்னு பாக்கட்டும்."

வெயிலில் இருபத்தைந்து நிமிஷம் நின்றார் துவான். அவர் சிந்திய வேர்வையில் நான் ஒரு வாரத்துக்குப் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. மாதவி புதுப் படத்தை டேப்லெட்டில் ஏற்றி, சுவருக்கு நேரே நீட்டினாள்.

ஒன்றும் வரவில்லை.

மறுபடி நீட்டினாள். சுவரில் வரைந்தது மட்டும்தான் தெரிந்தது. சத்தியசீலன் சார் தலையில் கைவைத்தார். டீச்சர் சுவரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், துவானை ஏற இறங்கப் பார்த்தார்.

"துவான், தெப்பி சிக்கிட்" என்றார்.

துவானுடைய நிழல்தான் ஆந்தையின் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் தள்ளுங்கள் என்று எங்கள் ஊரில் ஒரு துவானிடம் சொன்ன முதல் ஆள் இவர்தான். துவான் தள்ளினார். சுவரிலிருந்து ஆந்தை எழுந்தது. ஒரு சிறகு கோணல், வால் சாயக்கறை. மாதவியின் குரலில் அலறிக்கொண்டு திரையில் நேராகப் பாய்ந்ததும் துவான் குனிந்துவிட்டார்.

"சியாப்பா புவாட்?" என்று கேட்டார், யார் செய்தது என்று.

பன்னிரண்டு கறுப்புக் கைகள் உயர்ந்தன. டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

டேப்லெட் இங்கேயே இருக்கட்டும் என்று துவான் கார்மேல் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். எல்லாரும் கை தட்டினோம். கார் கேட்டைத் தாண்டும் வரை டீச்சர் பொறுமையாக இருந்தார். பிறகு என் பக்கமும் சத்தியசீலன் சார் பக்கமும் திரும்பினார்.

"ம்ம், இப்ப சொல்லுங்க சார். கிறுக்கல்னு சொன்னீங்களாமே?"