எங்கள் தெருவில் யாரும் சாகவில்லை

காரைக்குடியில் பாத்திரக்கடை வைத்திருப்பவளுக்குச் சனியும் ஞாயிறும்தான் வியாபாரம். வேலைக்குப் போகிறவர்கள் அன்றைக்குத்தான் பெண்ணுக்குச் சீர்ச்சாமான் எடுக்க வருவார்கள். இரண்டு வீட்டாரும் சேர்ந்து ஒரு வேன் நிறைய வந்து இறங்கி, ஒரு பித்தளைக் குடத்தைத் தட்டிப் பார்க்கவே அரைமணி நேரம் எடுத்துக்கொள்வார்கள். ஞாயிறன்று பூசை முடிந்து நான் கடை திறக்க வருவதற்குள் வாசலில் ஒரு கூட்டம் நிற்கும். எனக்கு அந்த இரைச்சல் பிடிக்கும்.

அந்தச் சனி, ஞாயிறைத்தான் பக்கத்துச் சாப்பாட்டுக்கடை பறித்துக்கொண்டது. சென்னையில் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பிய ஒரு தம்பி நடத்துகிற கடை. பழைய வீடுகளைப் பார்க்க வருகிற சுற்றுலாக்காரர்களுக்கு வெளியில் உட்கார்ந்து சாப்பிட ஆசையாம். முறைப்படி அனுமதி வாங்கி, வாரக் கடைசியில் தெருமுனையை இரும்புப் பேரிகார்டு வைத்து மறித்தார். உள்ளே வெள்ளைச் சாமியானா, அதன் கீழே வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். அவருக்குக் கூட்டம் அள்ளியது. நான் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன்.

வண்டி நிறுத்த இடமில்லை, அதனால்தான் ஆள் வரவில்லை என்றார் என் வீட்டுக்காரர். தெருவில் மற்ற கடைக்காரர்களும் அதையே சொல்லி, மனு கொடுப்போம், கடையடைப்பு நடத்துவோம் என்று கிளம்பினார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. எங்கள் ஊர்ச் சனம் ஒரு குத்துவிளக்குக்காக நாலு தெரு நடக்கும். தெருமுனையிலிருந்து நடக்க அலுத்துக்கொண்டு யாராவது சீர் எடுக்காமல் போவார்களா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் பதில் வந்தது. பேசியவர் சாக்கோட்டைக்கார அம்மா. அவருடைய கல்யாணத்துக்கே எங்கள் கடைப் பாத்திரம்தான். மகளுக்குச் சீர் எடுக்க முந்தின நாள் வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் இருந்துவிட்டார்.

“அக்கா, ஒங்க தெருவுல யாரு தவறிட்டாக?” என்றார், குரலைத் தாழ்த்தி.

“ஒருத்தரும் தவறலையே. ஏன் கேக்குறீக?”

“நேத்து வந்தோம்க்கா. தெருவ மறிச்சு, வெள்ளத் துணி கட்டி, சேர் போட்டுக் கெடந்துச்சு. நல்ல காரியமா வந்த எடத்துல எதுக்குன்னு எறங்காமயே வண்டியத் திருப்பிட்டோம். சம்பந்தியம்மாவும் கூட இருந்தாக. அவுகளுக்கு மொகமே மாறிப்போச்சு. இனி அங்குட்டுப் போக வேணாம், சிங்கம்புணரியில எடுத்துக்கலாம்னு சொல்றாக.”

போனை வைத்துவிட்டுத் தெருமுனைக்குப் போய், வெளியூர்க்காரியைப் போல நின்று பார்த்தேன். சாப்பாடு வருகிற வரைக்கும் எல்லாரும் தலையைக் குனிந்து செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரோடு ஒருவர் பேச்சில்லை. வெயிலுக்கு வெள்ளை உடுப்பு வேறு. ஓரத்தில் தண்ணீர் கேன். அசல் எழவு வீடு. சங்கு மட்டும்தான் ஊதவில்லை.

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. நேரே அந்தத் தம்பியிடம் போனேன்.

“தம்பி, நீங்க மறிச்சத நான் குத்தம் சொல்லல. ஆனா துட்டி வீடு மாதிரில்ல மறிச்சிருக்கீக!”

“வெள்ளையா இருந்தா போட்டோல நல்லா விழும்னு...” என்று ஆரம்பித்தவர், தெருமுனைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். இந்த ஊரில் பிறந்த பிள்ளைதானே. “எங்கம்மாகூட இங்குட்டு வரமாட்டேங்குது அக்கா. ஏன்னு கேட்டா வாயே தெறக்கல.”

அதற்குப் பிறகு நான் சொன்னதை எல்லாம் அவர் கேட்டார். அடுத்த சனிக்கிழமை பேரிகார்டுகளில் குலை தள்ளிய வாழைமரம் கட்டினோம், மாவிலைத் தோரணம் கட்டினோம். வெள்ளைத் துணி போய் மஞ்சளும் சிவப்பும் வந்தது. நாற்காலிகளை மேசையைச் சுற்றிப் போட வைத்தேன். பாத்திரம் ஏற்றும் குட்டி யானை வண்டி நுழைகிற அளவுக்கு ஒரு பேரிகார்டை நானே நகர்த்தினேன். ஒலிபெருக்கியில் நாதஸ்வரம். கோலம் என் கைவேலை. மனு எழுதப் பேப்பர் வாங்கி வைத்திருந்த என் வீட்டுக்காரர் வாழைமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். காய்கறிப் பையோடு போன ஒரு பெரியவர் உள்ளே வந்து உட்கார்ந்து, “மொதப் பந்தி முடிஞ்சிருச்சா?” என்று கேட்டார்.

சாக்கோட்டை அம்மாவிடம் முன்பே சொல்லியிருந்தேன்: “சம்பந்தியம்மாவ இந்த ஒரு தடவ கூட்டிக்கிட்டு வாங்க. மனசுக்குப் பிடிக்கலைன்னா சிங்கம்புணரிக்கு நானே வழியனுப்பி வைக்கிறேன்.”

வேன் தெருமுனையில் வந்து நின்றது. கதவு திறக்கவில்லை. இந்த வீடு இன்னொரு தடவை திரும்பிப் போனால் சுற்றுவட்டாரம் பூராவும் பேச்சாகிவிடும். அப்புறம் சீர் எடுக்க ஒருத்தரும் இந்தத் தெருவில் கால் வைக்கமாட்டார்கள்.

கதவு திறந்தது. சம்பந்தியம்மா இறங்கி வாழைமரத்தை மேலும் கீழும் பார்த்தார். நாதஸ்வரத்தைக் காது கொடுத்துக் கேட்டார். பிறகு என்னிடம், “யாரு வீட்டுக் கல்யாணம்?” என்றார்.

“ஒங்க வீட்டுக் கல்யாணந்தான். உள்ள வாங்க” என்றேன்.

அவர் சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டு, கோலத்தை மிதிக்காமல், வலது காலை எடுத்து வைத்து வந்தார்.