ஆயிரம் முட்டையும் ஒற்றைப் பிள்ளையும்

1971 தை மாதம். பரளச்சி கிராமத்துக் குருவம்மாளுக்கு எட்டாம் மாதத்திலேயே பெண் பிறந்தது. தங்காது என்றது ஊர். பதினாறாம் நாள், பருத்திக் காய்ப்புழு பற்றிப் படம் காட்ட விவசாய ஆபீசர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டுக் குருவம்மாளும் போனாள்.

"இந்தப் புழுவோட தாய் அந்துப்பூச்சி, ஆயிரம் முட்டை போட்டுட்டுப் பறந்துரும். அதனாலதான் அழியல. இதப் பாருங்க, ஆஸ்திரேலியாவுல அழிஞ்சுக்கிட்டிருக்கிற, கங்காரு மாதிரி ஒரு சின்னப் பிராணி. ஒண்ணோ ரெண்டோ குட்டிதான் போடும்."

"வயித்துல மடி கட்டியிருக்கே! அதுவும் பருத்தி எடுக்கப் போகுதா, சார்?" என்றாள் குருவம்மாள். கூட்டம் சிரித்தது.

"அது பையிம்மா. குட்டி பொறக்கயில மொச்சக்கொட்டை அளவுதான். கண்ணு தெரியாது. தானே ஊர்ந்து பையில ஏறிப் பால் குடிக்கும்."

"மொச்சக்கொட்டையா! அது பொழைக்குமா?"

"பொழைக்கும்."

குருவம்மாள் தன் கையை முழம் போட்டுப் பார்த்தாள். தன் மகள் ஒரு முழம் இருக்கிறாளே! வீட்டுக்கு ஓடினாள். பருத்தி எடுக்கும் மடியை நெஞ்சுக்கு ஏற்றிக் கட்டி, பிள்ளையை வெற்றுடம்போடு உள்ளே வைத்தாள்.

"தொட்டில்ல போடாம இதென்னடி கோலம்?" என்றாள் மாமியார் மாயக்காள்.

"ஆயிரம் போடுற பூச்சி விட்டுட்டுப் போகட்டும், அத்தே. எனக்கு ஒண்ணுதான்."

நாற்பது நாள் அவள் மடியை அவிழ்க்கவே இல்லை. நாற்பத்தோராம் நாள் பிள்ளை அவள் நெஞ்சை உதைத்துக்கொண்டு, தெருவே கேட்க அழுதது.