மூன்றாவது ஆல்பத்தின் உறுமல்

கீபோர்டை வைத்தே முழுப் பாட்டையும் கட்டுகிற சிந்த் பாப் எனக்கு உயிர். அதில் எனக்குப் பிடித்த வெளிநாட்டுக் குழுவைப் புதிதாகக் கேட்கிறவர்கள் முதல் ஆல்பத்தில் கை வைக்கக் கூடாது. முதலில் இரண்டாவது, பிறகு நான்காவது, மனசு நொந்து கிடக்கும் ஒரு நாளில் மூன்றாவது. முதல் ஆல்பம் கடைசியில்தான். இந்த வரிசை என்னுடையது. மன்னார்குடிப் பக்கம் எங்கள் வயல் மோட்டார் கொட்டகையில் உட்கார்ந்து, கல்லூரித் தோழன் ஒருவனுக்காக நான் போட்டது.

குறுவை நெல்லுக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்கும். டேப் ரெக்கார்டரில் கேசட் ஒரு பக்கம் ஓடி முடிவதற்குள் ஒரு வயல் நிறைந்துவிடும். எழுந்துபோய் மடையை மாற்றிவிட்டு வந்து, கேசட்டைத் திருப்பிப் போடுவோம். "மூணாவதுல முதல் பாட்டு ஆரம்பத்துல அடியில ஒரு உறுமல் வருது பாரு, அதுக்கே உயிரைக் குடுக்கலாம்டா" என்பேன். அவனும் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுவான்.

கல்யாணமான பிறகு வீட்டில் ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். உறுமலைக் காணோம். அட, பாட்டு மெல்லத் தொடங்கும்போது அடியில் கேட்டது எங்கள் மோட்டார்! அவனிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்றால், அதற்குள் அவன் சென்னைக்குப் போய், என் போனை எடுப்பதையே நிறுத்தியிருந்தான்.

போன மாதம், பிளஸ் டூ படிக்கும் மகள் ஒரு வீடியோவைக் காட்டினாள். "இவரு சூப்பரா சொல்றாருப்பா, நீயும் கேளேன்." இதே குழுவைப் பற்றி நான் எத்தனை தடவை அவளிடம் சொல்லியிருப்பேன்! "ஐயோ, உன் பாட்டா" என்று ஓடியவள்தான்.

திரையில் அவன், என் பழைய தோழன். இரண்டு, நான்கு, மூன்று, ஒன்று. என் வரிசை, என் வார்த்தை. "எங்க ஊர்ப் பக்கம் இதெல்லாம் கேட்க ஒரு ஆள் கிடையாதுங்க. நானே தேடித் தேடிக் கண்டுபிடிச்சேன்" என்றான். பாவி, வாய் கூசாமல் சொன்னான். அதோடு விட்டானா? "மூணாவது ஆல்பம் தொடக்கத்துல ஒரு உறுமல் வரும், கவனிங்க." கொட்டகையை விட்டுப் போன பிறகு அந்தப் பாட்டை அவன் ஒழுங்காக ஒரு தடவைகூடக் கேட்டதில்லை என்று அப்போதே தெரிந்துபோனது.

மகள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மூன்றாவதைப் போட்டாள். இரண்டு மூன்று தடவை கேட்டாள்.

"உறுமலே வரலியேப்பா."

"வராது. அது நம்ம மோட்டார் சத்தம். அவனுக்கு இதையெல்லாம் சொல்லிக்குடுத்ததே நான்தான்."

சிரித்துவிட்டாள். "போப்பா, காமெடி பண்ணாத. என் ஹெட்போன்தான் சரியில்ல போலிருக்கு."

சத்தத்தைக் கூட்டி வைத்து, மறுபடி முதலிலிருந்து கேட்கத் தொடங்கினாள்.