முதலில் போகிறவருக்கு மன்னிப்பு

வக்கீல் என்றால் எல்லோரும் மனதில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். கொலைக் கேஸ், சொத்துக் கேஸ், டைவர்ஸ். அவள் தன் வேலை "போட்டிச் சட்டம்" என்று சொன்னால் திருதிருவென்று முழிப்பார்கள். சித்தப்பா ஒருவர் கல்யாண வீட்டில் பத்துப் பேர் நடுவே, "என்ன போட்டிம்மா? பாட்டுப் போட்டியா, ஓட்டப் போட்டியா?" என்று கேட்டே விட்டார். அவளும் சிரித்து வைத்தாள். வேறென்ன செய்ய? பெரிய கம்பெனி தன் பலத்தை வைத்துச் சின்னவனை நசுக்குவதும், நாலு வியாபாரிகள் கூடிப் பேசி விலையை ஏற்றுவதும் குற்றம், அதற்கென்று ஒரு சட்டம் இருக்கிறது, அதை நம்பி ஒருத்தி பிழைப்பு நடத்துகிறாள் என்றால் யார் காதில் ஏறும்?

படித்து முடித்ததும் பெரிய வக்கீல் கம்பெனி ஒன்றில் சேர்ந்தாள். ஏசி அறை, கழுத்தில் அட்டை. ஓர் ஆலை இன்னோர் ஆலையை வாங்கும்போது, "இதனால் யாருக்கும் கெடுதல் இல்லை" என்று பக்கம் பக்கமாக எழுதிக் கொடுப்பதுதான் வேலை. "முழுங்கறவனுக்கு வாயைத் துடைச்சு விடற உத்தியோகம்" என்று அவளே சொல்லிக்கொள்வாள். எட்டு வருஷம் துடைத்தாள். பிறகு வெறுத்துப்போய் அட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஓர் அச்சகத்துக்கு மேலே மாடியறை பிடித்து, முழுங்கப்படுகிறவர்கள் பக்கம் வந்து சேர்ந்தாள். மனசுக்கு நிம்மதி கிடைத்தது, கேஸ்தான் கிடைக்கவில்லை. கிடைத்த கேஸும் லேசில் முடியவில்லை. தோற்றால் அன்றோடு போச்சு. ஜெயித்தால் கம்பெனி அப்பீலுக்குப் போகும். அங்கே கேஸ் காலை நீட்டிப் படுத்துக்கொள்ளும். அது எழுந்திருப்பதற்குள் கேஸ் போட்டவன் கடையை மூடிவிட்டு எங்கேயாவது வாட்ச்மேனாகச் சேர்ந்திருப்பான்.

கண்ணாடிக் கடைக்காரர்கள் கேஸ், சொந்த வீட்டு கேஸ். அக்காவின் கணவர் ஜன்னல் கண்ணாடி வெட்டிப் பொருத்தும் கடை வைத்திருந்தார். முன்பு மூன்று ஆலைகள் கண்ணாடி செய்துகொண்டிருந்தன. ஒன்று மற்ற இரண்டையும் வாங்கிப் போட்டது. அப்புறம் அதே கம்பெனி பெரிய ஷோரூம் ஒன்றைத் திறந்து, கடைக்காரர்களுக்குத் தான் கொடுக்கிற விலையைவிடக் குறைத்து நேரே ஜனங்களுக்கு விற்க ஆரம்பித்தது. வாங்கின விலைக்கும் கீழே எந்தக் கடைக்காரன் விற்பான்? அத்தான் தன்னைப்போல நசுங்கிக் கிடந்த பதினோரு கடைக்காரர்களைத் திரட்டிக்கொண்டு மச்சினியின் மாடிப்படி ஏறினார்.

ஏறினவர்களை ஒவ்வொருவராகத்தான் அவள் உள்ளே விட்டாள். மற்றவர்கள் படியிலேயே உட்கார வேண்டியதாயிற்று. அது அவள் வைத்திருந்த கறாரான வழக்கம். ஒரே தொழில் செய்கிறவர்களை ஒன்றாக உட்கார வைத்துப் பேச மாட்டாள். அப்படிக் கூடினால் பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் விலையில்தான் வந்து நிற்கும். விலையைப் பேசி வைத்துக்கொண்டால் சின்னக் கடைக்காரனும் குற்றவாளிதான். இவன் பாவம், அவன் படுபாவி என்றெல்லாம் அந்தச் சட்டம் பார்க்காது.

"என்ன மேடம், பல் டாக்டர் மாதிரி ஒவ்வொருத்தரா கூப்பிடறீங்க?" என்றார் ஒரு கடைக்காரர். அவருக்கு எல்லோரும் வைத்த பெயர் மீசை.

"பல்லு போனா கட்டிக்கலாம் சார். கேஸு போனா கட்ட முடியாது" என்றாள்.

கேஸ் போட்டு நாலு வருஷம் ஓடியது. இந்த மாதிரிக் கேஸ்களைத் தீர்க்கிற போட்டி ஆணையத்தின் விசாரணை அதிகாரி, கம்பெனி செய்தது தப்பு என்றே அறிக்கை கொடுத்தார். கடைசி வாதம் மட்டும்தான் பாக்கி. அதற்குத் தேதி கொடுப்பார்கள், பிறகு தள்ளிப் போடுவார்கள். அதற்குள் அத்தான் வேலையாட்களை அனுப்பிவிட்டுத் தானே கண்ணாடி சுமந்துகொண்டிருந்தார்.

அக்கா போன் செய்தாள். "ஏண்டி, ஒரு தடவையாவது எல்லாரையும் ஒண்ணா உக்கார வெச்சுப் பேசேன். ஆளாளுக்குத் தனியாக் கெடந்து மனசு விட்டுப் போயிட்டாங்க. இவர் வீட்டுல வாயே தெறக்கறதில்ல."

அவள் இளகினாள். இளகியதுதான் வினையாகப் போயிற்று.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் எல்லோரும் வந்தார்கள். நாற்காலி பற்றாமல் கீழே அச்சகத்தில் இரவல் வாங்கினார்கள். கொஞ்ச நேரம் பிள்ளைகள் படிப்பு, முட்டி வலி, பழைய கிண்டல். திடீரென்று மீசை மேஜையை ஓங்கித் தட்டினார்.

"அடுத்த மாசம் ஒருத்தரும் கம்பெனி லோடு எடுக்கக் கூடாது. கையில இருக்கற சரக்கை, நான் சொல்ற ரேட்டுக்குக் கீழ யாரும் விக்கக் கூடாது. அப்பத்தான் அவன் வழிக்கு வருவான்!"

எல்லோரும் சேர்ந்து தட்டினார்கள். அத்தான் வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்துத்தான் எத்தனை காலமாயிற்று!

அவள் எழுந்து கத்தியிருக்க வேண்டும். நிறுத்துங்கள், எல்லோரும் வெளியே போங்கள் என்று விரட்டியிருக்க வேண்டும். அத்தானின் முகத்தைப் பார்த்தாள். டீ வந்ததா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் கீழே இறங்கிப் போய்விட்டாள். இத்தனை வருஷம் கட்டிக் காத்த கறார் அத்தோடு போயிற்று.

அதோடு விட்டிருந்தாலும் தப்பித்திருக்கலாம். அத்தான் வீடு போய்ச் சேர்வதற்குள், பேசின ரேட்டை அப்படியே கடைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். அந்தக் குழுவில் கம்பெனி ஏஜென்ட்டும் இருந்தார். தினம் விலை அனுப்பட்டும் என்று இவர்களே சேர்த்து வைத்த ஆள்! அட கடவுளே, எதிராளியை நடுக்கூடத்தில் உட்கார வைத்துக்கொண்டா திட்டம் போடுவார்கள்? ஏஜென்ட் பதிலுக்குக் கட்டைவிரலை வேறு உயர்த்திக் காட்டியிருந்தார்.

கம்பெனி சும்மா இருக்குமா? அந்த மாதமே ஆணையத்தில் புகார் கொடுத்தது. பன்னிரண்டு கடைகளும் கூட்டுச் சேர்ந்து விலை வைத்ததாக எல்லோருக்கும் நோட்டீஸ் வந்தது. அபராதம் கடையின் வியாபாரத்தைப் பொறுத்தது. முன்னால் நின்று நடத்தினவருக்கு இன்னும் கூடும். நடத்தினவர் யார் என்பதற்கு அத்தானின் செய்தியே சாட்சி. இந்த அபராதம் வந்தால் அவர் கடையை மூட வேண்டியதுதான்.

தப்பிக்க ஒரே வழி இருந்தது. கூட்டுச் சேர்ந்தவர்களில் முதலில் ஓடிப்போய் உண்மையை ஒப்புக்கொள்கிறவருக்கு முழு மன்னிப்பு. அடுத்த இரண்டு பேருக்கு அபராதம் கொஞ்சம் குறையும். அதற்குப் பின்னால் வருகிறவருக்கு ஒன்றும் கிடையாது. ஒருவனை வைத்து மற்றவனைப் பிடிக்கச் சட்டம் கண்டுபிடித்த தந்திரம் அது. அவள் ஒரே சமயத்தில் பன்னிரண்டு பேருக்கும் வக்கீல். அறையில் தானும் இருந்ததால் கேஸிலிருந்து விலகியாக வேண்டும். விலகும் முன் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, ஒரு வார்த்தை கூடாமல் குறையாமல் இதைச் சொன்னாள். வேறு வக்கீலைப் பாருங்கள் என்றும் சொன்னாள்.

அன்று சாயங்காலம் அக்கா வந்து நின்றாள்.

"நேரடியாச் சொல்லு. இவர் மொதல்ல போகணுமா, வேண்டாமா?"

"எல்லாருக்கும் சொன்னதைத்தான் அத்தானுக்கும் சொன்னேன்க்கா. அவரை மட்டும் முன்னாடி தள்ளி விட என்னால முடியாது. மத்தவங்களும் என்னை நம்பி வந்தவங்க."

"நீ எனக்குத் தங்கச்சியா, அவங்களுக்கு வக்கீலா?"

கேட்டுவிட்டு அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள்.

இரவு சாப்பாட்டு நேரத்துக்கு அத்தான் போன் செய்தார். குரலில் அப்படி ஒரு தெம்பு. "எல்லாரும் என் கடைக்கு வந்தாங்கம்மா. ஒருத்தரும் ஆணையத்துக்குப் போறதில்லன்னு சத்தியம் பண்ணிக்கிட்டோம். மீசைக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு."

"அத்தான், நீங்க உங்க குடும்பத்தை யோசிங்க."

"அதெப்படிம்மா? கூட்டிட்டு வந்தவனே நான்தானே?"

மறுநாள் காலை, கேஸிலிருந்து விலகும் மனுவைக் கொடுக்க அவள் ஆணையத்துக்குப் போனாள். இன்னும் கதவு திறக்கவில்லை. வராந்தா பெஞ்சுகளில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். கதவை ஒட்டி மீசை. அவருக்குப் பின்னால் நேற்றுச் சத்தியம் செய்த மற்ற பத்துப் பேர், ஆளுக்கொரு வக்கீலோடு. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அவளைக் கண்டதும் மீசை தலையைக் குனிந்துகொண்டார். அவரைத் திட்டி என்ன பயன்? அவருக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்களே!

அவள் படியோரம் போய் அத்தானுக்குப் போன் போட்டாள்.

"சொல்லும்மா. நம்ம ஆளுங்க யாராவது போன் பண்ணாங்களா? தைரியமா இருக்காங்களா?"

"அத்தான், எல்லாரும் இங்க ஆணையத்துல இருக்காங்க. பதினோரு பேரும். மீசைதான் மொதல்ல."

அந்தப் பக்கம் கண்ணாடியைக் கீறிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"நான் இப்பக் கெளம்பினா?" என்றார்.

"பிரயோஜனம் இல்லை அத்தான்."

"சரிம்மா. கண்ணாடில வெட்டறதுக்குக் கோடு போட்டு வெச்சிருக்கேன். உடனே ஒடைக்கணும், இல்லன்னா நேரா வராது. அக்காகிட்ட நீ சொல்லிடாத, நானே சொல்லிக்கறேன்."

போனை அணைக்க மறந்து மேஜையில் வைத்துவிட்டார். கண்ணாடி டக்கென்று இரண்டாகப் பிரிவது அவளுக்குக் கேட்டது. அதற்கப்புறம் அத்தான் அழுவது கேட்டது.